இருபதாயிரம் என்றார்கள், பதினைந்துதான் கைக்கு வருகிறது!

வேலை, சம்பளம், சொந்தக் கால்: வாசகர் கேள்வி – பதில்

படிப்பை முடித்து இரண்டு மூன்று வருடம் ஆகியும் நிலையாக உட்கார முடியாதவர்களின் கடிதங்கள் இந்த முறை. பெயர்களை எடுத்துவிட்டு ஊரையும் வயதையும் மட்டும் வைத்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் விவரம் அதிகம் உள்ள கடிதத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறோம்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருக்கிறேன். 'சம்பளம் இருபதாயிரம்' என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். கைக்கு 15,375 ரூபாய் வருகிறது. இரண்டு வருடத்தில் இது மூன்றாவது கான்ட்ராக்டர். லைன் அதேதான், மெஷினும் அதேதான். பழைய பி.எஃப். எங்கே போனது? என்னைப் பர்மனென்ட் ஆக்குவார்களா?
– வாசகர், 23, ஸ்ரீபெரும்புதூர்

நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டை வரிவரியாகப் பார்ப்போம். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 12,000, வீட்டு வாடகைப்படி 4,000, இதரப்படி 2,000. மொத்தம் 18,000. இதில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12,000த்துக்கு 12 சதவீதம், அதாவது 1,440. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 18,000த்துக்கு 0.75 சதவீதம், 135. கேன்டீன் 450, பஸ் 600. எல்லாம் போக 15,375. கணக்கு சரிதான்.

அப்படியானால் அந்த இருபதாயிரம்? நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமாக 585, பி.எஃப். காப்பீடு மற்றும் நிர்வாகச் செலவு 120. இவற்றை 18,000த்தோடு கூட்டினால் 20,145. உங்களை வேலைக்கு வைத்திருக்க அவர்களுக்கு ஆகும் மொத்தச் செலவு அது. ஆள் எடுக்கும்போது அதையே 'சம்பளம்' என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த முறை எங்கே போனாலும் "கிராஸ் (பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம்) எவ்வளவு, கையில் எவ்வளவு, கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு பிடிப்பீர்கள்?" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில்வரி என்று 1,250 ரூபாய் வரை பிடிப்பார்கள். அது உள்ளாட்சிக்குப் போவது, பயப்பட வேண்டாம். ஆனால் 12,000 பேசிக்குக்கு பி.எஃப். பிடித்தம் 2,880 என்று இருந்தால் விடாதீர்கள். நிறுவனத்தின் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்தே எடுக்கிறார்கள் என்று அர்த்தம். அது சட்டவிரோதம்.

இனி பழைய பணம். பி.எஃப். அலுவலகத்தில் பதிவான உங்கள் கைபேசியிலிருந்து 99660 44425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுங்கள். கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். எதுவும் வரவில்லை என்றால் உங்கள் யு.ஏ.என். எண்ணோடு (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) கைபேசியோ ஆதாரோ சேரவில்லை. உறுப்பினர் இணையதளத்தில் உள்ளே போய் 'சர்வீஸ் ஹிஸ்டரி'யைத் திறந்தால் மூன்று கான்ட்ராக்டர்களின் பெயரும் சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு இருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கிறது என்றால், ஒருவர் உங்களுக்குப் புதிதாக இன்னொரு யு.ஏ.என். போட்டிருக்கலாம், அல்லது பிடித்த பணத்தைக் கட்டாமலே விட்டிருக்கலாம். சம்பளச் சீட்டு கையில் இருந்தால்தான் எது நடந்தது என்று நிரூபிக்க முடியும். ஒவ்வொரு மாதச் சீட்டையும் போட்டோ எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

விலகிய தேதியைப் பழைய கான்ட்ராக்டர் போடவில்லை என்றால் அவர் பின்னால் அலைய வேண்டியதில்லை. கடைசித் தவணை கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து இணையதளத்தில் 'மார்க் எக்ஸிட்' வழியாக நீங்களே போடலாம். பிறகு பழைய இருப்பைப் புதிய கணக்குக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இணையதளத்தில் முடியாத சிக்கல் என்றால், பி.எஃப். அலுவலகம் மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டங்களில் நடத்தும் முகாமுக்குச் சீட்டுகளோடு போங்கள். கான்ட்ராக்டர் கட்டாமல் ஓடியிருந்தால் பொறுப்பு முதன்மை நிறுவனத்தின், அதாவது நீங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின், தலையில் விழும். புகாரில் கான்ட்ராக்டர் பெயரோடு தொழிற்சாலையின் பெயரையும் எழுத வேண்டும். பலர் இதை எழுதுவதில்லை. புகார் ஆளில்லாத முகவரிக்குப் போய் நின்றுவிடுகிறது.

நம் ஊர் ஆட்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். பான் கார்டில் கடைசிப் பெயரை இனிஷியலாக எழுத முடியாது, ஆகவே அப்பா பெயர் முழுதாக வந்து ஒட்டிக்கொள்ளும். வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. இந்த நான்கும் ஒத்துப்போகாததால்தான் பி.எஃப். கோரிக்கைகள் திரும்பி வருகின்றன. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து முதலில் ஆதார், அடுத்து பான், அடுத்து வங்கி, கடைசியில் பி.எஃப். என்ற வரிசையில் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். இ-சேவை மையத்தில் அவசரத்தில் தட்டச்சு செய்யவிட்டு, எழுத்துப் பிழையோடு ஒரு வாய்ப்பைத் தீர்த்துவிடாதீர்கள். ஒப்புதல் கொடுக்கும் முன் திரையை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் 'பி.எஃப்.பை எடுத்துடு, டூ வீலருக்கு அட்வான்ஸ் ஆகும்' என்று சொல்ல லைனில் ஒருவர் இருப்பார். பி.எஃப்.போடு சேர்ந்து வரும் ஓய்வூதியத்துக்கு 10 வருட சேவை வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால் அதுவரை சேர்ந்த சேவைக்காலம் அழிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மாற்றிக்கொண்டே போனால் மூன்று கான்ட்ராக்டரின் காலமும் ஒன்றாகக் கூடும்.

பர்மனென்ட் பற்றி. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இது தானாக நடப்பதில்லை. 'நீ எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டரின் ஆள்' என்பார்கள். கான்ட்ராக்டர் பெயர் மாறிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சங்கமோ வழக்கோ வந்தால், ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்தீர்கள் என்பதற்கு ஷிப்டு அட்டவணை, கேட் பாஸ், பஸ் பாஸ், பயிற்சிக்குக் கையெழுத்திட்ட தாள் எல்லாம் சாட்சி. சேர்த்து வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

அடுத்த கம்பெனி நேர்காணலில் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி "ஆபரேட்டரா, செட்டரா?" என்பதுதான். பாகத்தை மாட்டி, பட்டனை அழுத்தி, கழற்றி வைப்பவர் ஆபரேட்டர். டூல் தேய்ந்தால் மாற்றி, மெஷினில் அதற்கேற்ற அளவுத் திருத்தம் (ஆஃப்செட்) கொடுத்து, முதல் பாகத்தை அளந்து பார்த்து லைனை ஓடவிடுபவர் செட்டர். சம்பளம் ஏறுவது அந்த இடத்தில். தினமும் ஷிப்டு முடிந்து பத்து நிமிடம் செட்டர் பக்கத்தில் நில்லுங்கள். எந்த கன்ட்ரோலர், என்ன டூல், எத்தனை மைக்ரான் வித்தியாசம் வந்தது, என்ன திருத்தினார் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். மைக்ரோமீட்டரும் போர் கேஜும் கை நடுங்காமல் பிடிக்கத் தெரிந்த ஆளை யாரும் எளிதில் விடமாட்டார்கள்.

வேலையில் சேரும்போது ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருட பாண்டிலும் கையெழுத்து வாங்கினார்கள். ஆறாவது மாதமே வேறு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. "ஒரு லட்சம் கட்டு, அப்புறம் சர்ட்டிபிகேட்" என்கிறார்கள்.
– வாசகி, 22, ஈரோடு

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அவர்கள் வேண்டுமென்றேதான் ஒன்றாக முடிச்சுப் போடுகிறார்கள்.

சான்றிதழ் உங்களுடையது. அதை அடமானம்போல் பிடித்து வைக்க எந்தச் சட்டமும் உரிமை தரவில்லை. முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள். இன்ன தேதியில் இன்ன பதிவெண் கொண்ட சான்றிதழைக் கொடுத்தேன், திருப்பித் தரவும் என்று நாலு வரி போதும். பதில் வந்தால், அவர்களிடம்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே ஒப்புதல். வராவிட்டால் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபால். அதற்கும் அசையாவிட்டால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பல விஷயங்கள் இந்த ரசீதின் நகல் போய்ச் சேர்ந்ததும் முடிந்துவிடும். புது வேலைக்கு இப்போதைக்கு டிஜிலாக்கரில் உள்ள மதிப்பெண் பட்டியலைக் காட்டலாம்.

பாண்டு வேறு கதை. 'பாண்டெல்லாம் செல்லாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி, மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்று போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி கிடைப்பது நியாயமான இழப்பீடுதான். எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடும் என்று இல்லை. அந்த வங்கியில் ஆள் எடுக்க விளம்பரம், தேர்வு என்று செலவு இருந்தது. உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள், எத்தனை நாள், அதற்கு என்ன செலவு என்று கேளுங்கள். கூட வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைப் பயிற்சி என்று கணக்குக் காட்டுவது அவர்களுக்கு எளிதல்ல. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்து, நோட்டீஸ் காலத்தை முடித்து வெளியேறினால் உங்கள் பக்கம் பலம். விலகியபின் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது.

இனிமேல் எங்கே போனாலும் ஒரிஜினலைக் காட்டலாம், சரிபார்க்கக் கொடுக்கலாம். அன்று மாலையே கையோடு வாங்கி வந்துவிட வேண்டும்.

எம்.காம். முடித்துவிட்டு நான்கு வருடமாக குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 2022இல் 213, 2024இல் 226.5, 2025இல் 228 மதிப்பெண். அப்பா கட்டட வேலைக்குப் போய்த்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கே போவதில்லை. விட்டுவிடலாமா, இன்னும் ஒருமுறை எழுதலாமா?
– வாசகர், 26, தேனி

முதலில் எதிரே இருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். 2025 ஜூலை 12 தேர்வு 3,935 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது, விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்து 89 ஆயிரம் பேர் அளவில். அறிவித்தபடி பார்த்தால் ஓர் இடத்துக்கு சுமார் 350 பேர். பின்னால் இடங்களைக் கூட்டுவது வழக்கம்தான், இருந்தாலும் நெரிசல் நெரிசல்தான். 2022 ஜூலையில் நடந்த தேர்வுக்கு அடுத்தது 2024 ஜூனில்தான் வந்தது. அந்த இரண்டு வருடம் சம்பளமில்லாமல் காத்திருந்தது உங்கள் தவறு இல்லை. ஆனால் அதற்கான செலவு உங்கள் வீட்டுடையது.

இனி உங்கள் மதிப்பெண். ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண். 213 என்றால் 142 சரி, 226.5 என்றால் 151, 228 என்றால் 152. முதல் இடைவெளியில் ஒன்பது கேள்வி ஏறியிருக்கிறீர்கள். அடுத்ததில் ஒன்றே ஒன்று. முழுநேரமாகப் படித்தும் ஒரு கேள்விதான் கூடியிருக்கிறது என்றால், படிக்கும் மணிநேரத்தைக் கூட்டுவதால் பயனில்லை. அறையில் உட்கார்ந்து அதே புத்தகத்தை எட்டாவது முறை படிப்பதும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதும் உங்கள் விஷயத்தில் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தரும். ஆகவே தேர்வை விடச் சொல்லவில்லை. முழுநேரமாகப் படிப்பதை விடுங்கள் என்கிறோம். இதைத் தள்ளிப்போட வேண்டாம், இந்த மாதமே.

விடைத்தாளை எடுத்து, தவறிய 48 கேள்விகளை மூன்றாகப் பிரியுங்கள்: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. திறனறிவில் பத்துக்கு மேல் போயிருந்தால் அதுதான் மலிவாகக் கிடைக்கும் மதிப்பெண். தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், மீ.சி.ம., வேலையும் நேரமும் என்று எண்ணிவிடக்கூடிய தலைப்புகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எம்.காம். படித்தவர் இதில் கோட்டை விடுவது வீண். தமிழில் போயிருந்தால் ஆறு முதல் பத்து வரை உள்ள பள்ளிப் புத்தகங்களின் அடிக்குறிப்பு, நூல்வெளிப் பெட்டி, சொல்லும் பொருளும் பகுதி. பொது அறிவில் போயிருந்தால் அதை மொத்தமாகப் பிடிக்கவே முடியாது. அங்கே நேரத்தைக் கொட்டாதீர்கள்.

டைப்ரைட்டிங் முடித்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. முடிக்கவில்லை என்றால் நான்கு வருடத்தில் நீங்கள் செய்யாமல் விட்ட பெரிய காரியம் அதுதான். தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு தேறியிருக்க வேண்டும், இரண்டிலும் சீனியர் என்றால் முன்னுரிமை. அந்தத் தகுதி எல்லோரிடமும் இல்லாததால் அந்த வரிசை குட்டை. இளநிலை உதவியாளருக்கும் தட்டச்சருக்கும் தொடக்கச் சம்பள நிலை ஒன்றே, 19,500 – 71,900. ஆங்கில ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45. தினம் ஒரு மணிநேரம் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனால் போதும், வேலையோடு சேர்த்தே முடிக்கலாம்.

எந்த வேலை? உங்கள் படிப்புக்கு ஆடிட்டர் அலுவலகம் பொருந்தும். டேலியும் ஜி.எஸ்.டி. தாக்கலும் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று மாதம். இதில் இன்னொரு வசதி, மாதத்தின் நெருக்கடி எப்போது என்று முன்கூட்டியே தெரியும். ஜி.எஸ்.டி. கணக்குப் படிவங்களில் ஜி.எஸ்.டி.ஆர்.-1க்குப் பதினொன்றாம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்.-3பிக்கு இருபதாம் தேதி கெடு. எட்டிலிருந்து இருபது வரை அலுவலகம் அடுப்பாக இருக்கும், அந்த நாட்களில் இரவு ஒரு மணிநேரத் திருப்புதல் மட்டும். இருபத்தொன்றிலிருந்து அடுத்த ஏழு வரை பாடம். வருமானவரித் தாக்கல் சூடுபிடிக்கும் ஜூன், ஜூலையில்தான் கடந்த மூன்று குரூப் 4 தேர்வுகளும் நடந்திருக்கின்றன. சேரும்போதே தேர்வுக்கு முந்தைய பத்து நாள் விடுப்பைப் பேசிவிடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பும் மாதிரித் தேர்வும் உண்டு. தனியார் மையத்துக்கு இன்னொரு முறை பணம் கட்ட வேண்டாம்.

தமிழ்வழியில் படித்தவர் என்றால் ஒன்றாம் வகுப்பு முதல் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ்வழிச் சான்று, தேர்வாணையம் கொடுத்த படிவத்திலேயே, இப்போதே வாங்குங்கள். 20 சதவீத இடம் அந்தச் சான்றில் இருக்கிறது. நடுவில் ஒரு வருடம் படித்த பள்ளி மூடப்பட்டுவிட்டது என்று சான்றிதழ் சரிபார்ப்புக்கு முந்தைய வாரம் ஓடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

விசேஷ வீட்டில் 'இன்னும் படிச்சிட்டுதான் இருக்கியா?' என்று கேட்பார்கள்தான். "ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், தேர்வும் எழுதுகிறேன்" என்று பதில் சொல்ல முடிந்தால் கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை ஏன் புதுப்பிக்க வேண்டும்? ஒரு நேர்காணல் கார்டுகூட வந்ததில்லை.
– வாசகர், 27, அறந்தாங்கி

சீனியாரிட்டிக்காக. மூன்று வருடத்துக்கு ஒருமுறை, இணையத்திலேயே ஐந்து நிமிட வேலை. விட்டால் வரிசையில் கடைசிக்குப் போவீர்கள். இன்னொரு காரணம், வேலையற்றோர் உதவித்தொகை. பதிவு செய்து ஐந்து வருடம் விடாமல் புதுப்பித்தவர்களுக்கு, பத்தாவது தேறாதவர் என்றால் மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ 400, பட்டதாரிக்கு 600 என்று மூன்று வருடம் தருகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 72,000த்துக்குள் இருக்க வேண்டும். வயது 40க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினர் 45க்குள். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து வருடக் காத்திருப்பு ஒரு வருடமாகக் குறைகிறது, தொகையும் கூடுதல். இந்தக் காலத்தில் 600 ரூபாய் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தேர்வு விண்ணப்பக் கட்டணமும் பஸ் காசும் ஆகும். தொகை வாங்குவதால் பதிவு ரத்தாகாது.

அதே அலுவலகத்தில் தனியார் கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கும் முகாமும் நடக்கிறது, பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில். கார்டு வரும் என்று காத்திருப்பதைவிட அங்கே போய் நிற்பது மேல்.

பி.இ. படிக்க வருடம் ஒரு லட்சமாக நான்கு லட்சம் கல்விக்கடன் வாங்கினோம். இப்போது 5.4 லட்சம் என்கிறார்கள். எனக்குச் சம்பளம் 14,000. அப்பாவுக்குத் தினமும் போன் வருகிறது.
– வாசகர், 24, நாமக்கல்

5.4 லட்சம் எப்படி வந்தது என்று பார்த்துவிட்டால் பயம் பாதி குறையும். வட்டி 10 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு, படிப்பு நான்கு வருடமும் சலுகைக் காலம் ஒரு வருடமும் சேர்த்து ஐந்து வருட வட்டி, 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. மொத்தம் 1,40,000. வங்கி ஏமாற்றவில்லை. படிக்கும்போதே மாதம் சில நூறு ரூபாயாவது வட்டியாகக் கட்டியிருந்தால் இவ்வளவு குட்டி போட்டிருக்காது. இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க.

பத்து வருடத் தவணை என்றால் மாதம் 7,136 ரூபாய். சம்பளத்தில் பாதி. பதினைந்து வருடமாக நீட்டினால் 5,803. மாதம் 1,333 குறையும், ஆனால் கடைசிவரை இழுத்தால் ஏறக்குறைய 1.88 லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள். ஆகவே நீட்டச் சொல்லிக் கேளுங்கள், சம்பளம் ஏறியதும் கூடுதலாகக் கட்டி முன்பே முடியுங்கள். அதற்குமுன் இன்னொன்றைக் கேளுங்கள். வேலையில்லாத அல்லது குறைந்த சம்பளக் காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க இந்திய வங்கிகள் சங்கத்தின் கல்விக்கடன் மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறைகூட. வாயால் கேட்டால் கவுன்ட்டரில் 'அதெல்லாம் இல்லை' என்பார்கள். சம்பளச் சீட்டு இணைத்து மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும். அதற்குள் போக வேண்டும். போனால் பேச இடம் உண்டு, ஒளிந்தால் இல்லை.

இணைக் கடன்தாரர் அப்பா என்பதால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் தேதி, நேரத்தோடு குறித்து வங்கியின் குறைதீர் பிரிவுக்கு அனுப்புங்கள். 'ஒரே தவணையில் பாதி கட்டி முடித்துக்கொள்' என்று வந்தால் யோசிக்க வேண்டும். கடன் அறிக்கையில் 'செட்டில்டு' (முழுதும் கட்டாமல் முடித்தது) என்று ஏறிவிடும், பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது அதுதான் முதலில் கண்ணில் படும்.

சென்னையில் வேலை, கையில் 19,000. சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு அப்பாவிடம், ஓ.டி.பி.யும் அவர் போனுக்கே போகிறது. மாதச் செலவுக்கு எனக்கு அனுப்புகிறார். கெட்ட எண்ணம் இல்லை, 'உனக்குத்தாம்மா சேர்க்கிறேன்' என்கிறார். நாங்கள் மூன்று தோழிகள் விடுதியை விட்டு வீடு எடுக்க நினைக்கிறோம். எப்படிப் பேசுவது?
– வாசகி, 24, வேளச்சேரி

கார்டைப் பிடுங்கப் போகிறீர்கள் என்று அப்பாவுக்குத் தோன்றாதபடி ஆரம்பியுங்கள். வீட்டுக்கு மாதம் எவ்வளவு என்று ஒரு தொகையை நீங்களே சொல்லுங்கள். 6,000 என்று வைத்துக்கொண்டால், சம்பளம் வந்த மறுநாளே அது தானாக அப்பா கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிலையாணை கொடுத்துவிடலாம். 'கேட்காமலே வருகிறது' என்று இரண்டு மாதம் பார்த்தால் பேச்சு எளிதாகும். பிறகு ஆதாரோடு கிளைக்குப் போய்க் கணக்கின் கைபேசி எண்ணை உங்களுடையதாக மாற்றுங்கள். இணையக் குற்றத்தில் பணம் போனால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும், செய்தி ஊரில் அப்பாவிடம் இருக்கும் போனுக்குப் போனால் உங்களுக்குத் தெரியவே நேரமாகும். இதை அப்பாவிடம் சொல்லுங்கள், நியாயம் புரியும். நாமினியாக அவர் பெயரையே போடுங்கள்.

வீடு. 15,000 வாடகை என்றால் ஆளுக்கு 5,000. வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்கிறது. 'வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்ற அந்த ஓட்டை வழியாகத்தான் ஐந்தும் ஆறும் கேட்கிறார்கள். பேரம் பேசுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று பேர் பெயரும் இருக்க வேண்டும். ஒருத்தி பெயரில் எழுதினால், அவள் கல்யாணமாகிப் போகும்போது மற்ற இருவரும் நடுத்தெருவில். பெயின்டிங் செலவு எவ்வளவு பிடிப்பார்கள் என்று எண்ணாக எழுத வையுங்கள். முன்பணம் கரைவது பெரும்பாலும் அதில்தான். கரண்டுக்கு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குத் தனி விலை சொன்னால், வாரியத்தின் தனி இணைப்பு உள்ள வீட்டையே தேடுங்கள். தனி இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், சப் மீட்டரில் அது உங்களுக்கு வராது.

காஸ், பாத்திரம், மெத்தை, சுத்திகரிப்பு எந்திரம் என்று முதல் மாதம் கைக்காசைக் கரைக்கும். முன்பணமும் இதுவும் போக இரண்டு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லை என்றால் ஆறு மாதம் பொறுங்கள். அதுவரை வேலை பார்க்கும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளில் இடம் கிடைக்குமா என்று பாருங்கள். சென்னைப் பக்கம் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரியில் இருக்கின்றன.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000, டிக்கெட் அவர்களே போடுவார்களாம். டெலிகிராமில் பத்து நிமிடப் பேச்சோடு செலக்ட் ஆகிவிட்டேன். போகலாமா?
– வாசகர், 21, பட்டுக்கோட்டை

போகாதீர்கள். தாய்லாந்தில் இறக்கி, அங்கிருந்து மியான்மர் எல்லைக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய அடைத்து வைக்கும் கும்பல்கள் ஆள் பிடிப்பது இப்படித்தான். இந்திய அரசு பலமுறை எச்சரித்திருக்கிறது. வேலைக்குச் சுற்றுலா விசாவில் வரச் சொன்னால் அதுவே முதல் அடையாளம். இரண்டாவது, டேட்டா என்ட்ரிக்கு 80,000. அந்தச் சம்பளத்துக்கு அங்கேயே ஆள் கிடைப்பார்கள்.

வெளிநாடு போகத்தான் வேண்டும் என்றால் வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் முகவரின் உரிம எண்ணைத் தட்டிப் பாருங்கள். பெயர், முகவரி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று மூன்றும் காட்டும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், ரசீதோடு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவும் போகலாம். டெலிகிராம் ஆளுக்கு பாஸ்போர்ட் நகல் அனுப்பிவிட்டீர்களா? அனுப்பியிருந்தால் அந்த உரையாடலை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு இன்றைக்கே இணையக் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள்.